தாயை வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு இந்தச் சேவை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வட மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை. பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வராண்டாவில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன் தையல்கூட ஆறவில்லை. அப்போது ஒரு சாதிச் சங்கத்தின் இளைஞரணி வந்தது. தலைவருக்குப் பிறந்தநாளாம். ஃபிளெக்ஸ் பேனரைப் பிடிக்க இரண்டு பேர், போட்டோ எடுக்க ஒருவர், பை கொடுக்க நான்கு பேர். பைக்குள் ரொட்டி, துண்டு, ஒரு பால் பவுடர் டப்பா, ஒரு ஃபீடிங் பாட்டில்.

கொடுத்தவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "எந்த ஊரும்மா?" ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருபது வயதிருக்கும் ஒரு பெண் தலையைக் குனிந்தபடி "காலனி" என்றாள். அவளுக்கும் பை கிடைத்தது. ஆனால் கையில் கொடுக்கவில்லை, பக்கத்து பெஞ்சில் வைத்தார்கள். போட்டோவுக்கு நிற்கச் சொல்லி மற்றவர்களை அழைத்தவர்கள் அவளை அழைக்கவில்லை. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்கி வெளியே போடும் கேள்வியை யார் நீக்குவது?

"அதான் பை கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அந்த வராண்டாவில் உட்கார்ந்தவள்தான். என் மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,180 கிராம். நாற்பத்தேழு நாட்கள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் கிடந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கை கழுவி, பால் பீய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அது குழாய் வழியாக அவள் வயிற்றுக்குப் போகும். முதல் பதினோரு நாட்கள் அவளைத் தொடவே விடவில்லை. என் கணவர் மூட்டை தூக்குகிறவர். அவர் மகளை முதன்முதலில் பார்த்தது பத்தொன்பதாம் நாள், அதுவும் செவிலியர் ஒருவர் இரக்கப்பட்டுக் கண்ணாடிப் பக்கம் தூக்கிக் காட்டியபோது. வார்மர், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, மூச்சுக்கு ஆக்ஸிஜன் என்று உள்ளே என்னென்னவோ நடந்தது. எது எதற்கு என்று உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்குச் சொன்னது எனக்கு முன்பே அங்கே வந்திருந்த இன்னொரு தாய்தான்.

மகள் பிழைத்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஒரு வயது ஆனதிலிருந்து நானும் அதே வராண்டாவில் பழகிய சிலரும் ஞாயிறுதோறும் அங்கே போகிறோம். எங்களுக்குப் பெயரும் கிடையாது, பேனரும் கிடையாது. பால் பீய்ச்சக் கற்றுக்கொடுப்போம். டாக்டர் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வோம். ஒரு தாய் சாப்பிடப் போகும்போது அவள் பெயரைக் கூப்பிட்டால் ஓடிப்போய்ச் சொல்வோம். குழந்தை இறந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான். ஆக, தன்னார்வப் பணி என்பதே போலி என்று வெளியே நின்று சொல்லவில்லை. உள்ளே இருந்துதான் பேசுகிறேன்.

முதலில் அந்தப் பைக்குள் இருந்ததைப் பார்ப்போம். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் உணவு மட்டுமல்ல, மருந்தும் அதுதான். பவுடர் பால் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து அதிகம். பாட்டில் வழியாகத் தொற்று வரும். இதனால்தான் 1992ஆம் ஆண்டு வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம், பால் பவுடரையும் ஃபீடிங் பாட்டிலையும் அநாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. தலைவர் பிறந்தநாளுக்கு அவர்கள் செய்தது சட்டவிரோதம். ஆனால் அதைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நான் போய்ச் சொன்னபோது, "நல்லது செய்ய வந்தா சட்டம் பேசுறீங்களே" என்றார்கள். வாங்குகிறவளுக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுப்பதற்குப் பெயர்தான் இங்கே நல்லது.

அவளுக்கு என்ன தேவை? பதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்ததுதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இங்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை அப்படித்தான் பிறந்தது. ஏழைகளின் மருத்துவமனையில் கருவி இல்லாத குறைக்குக் கண்டுபிடித்த வழி, பிறகு உலகத்துக்கே பாடமானது. 2021இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளியானது. எடை மிகக் குறைந்த குழந்தைகளை நிலைமை சீராகும்வரை தாயிடமிருந்து பிரித்து வைக்காமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தால் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைகின்றன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது: ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்தவரை அதிக நேரம், குழந்தை மார்பில் இருக்க வேண்டும்.

அதாவது மருந்தே தொடுவதுதான். தீண்டாமையை மதமாக வைத்திருக்கும் நாட்டில், தொட்டால்தான் பிழைக்கும் என்று அறிவியல் சொல்கிறது. நாமோ அந்தத் தாயை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டு அவள் கையில் பால் பவுடர் கொடுக்கிறோம்.

தொற்று வரும், அதனால்தான் உள்ளே விடுவதில்லை என்பார்கள். கை கழுவுவது, சுத்தமான உடை, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அவசியம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017லேயே ஒன்றிய சுகாதாரத் துறை, குடும்பத்தினரைப் பயிற்சி கொடுத்து உள்ளே அனுமதித்துப் பராமரிப்பில் பங்கெடுக்கச் செய்ய வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. காகிதம் சொல்வது ஒன்று, கதவு சொல்வது வேறு. அந்தக் கதவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடியிருப்பதில்லை. எனக்கு முன் வரிசையில் நின்ற பெண்ணிடம் "கை கழுவிட்டு வாம்மா" என்று சொன்ன அதே வாய், என்னிடம் "குளிச்சியா? உங்க ஆளுங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது" என்றது. முதல் வாக்கியம் மருத்துவம், இரண்டாவது சாதி. ஒரே குழாயடியில் இரண்டும் நடக்கின்றன.

குறைமாதப் பிறப்பு விதி என்று நினைப்பவர்களும் உண்டு. சில குழந்தைகளுக்கு ஏன் அப்படி ஆனது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் தாயின் ரத்தசோகை, கவனிக்கப்படாத ரத்த அழுத்தம், தொற்று, இளவயதுக் கர்ப்பம், பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாமை எல்லாம் அறியப்பட்ட காரணங்கள். ஏழாம் மாதத்திலும் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவள் யார்? முன்பணம் வாங்கிய கடனுக்காக, ஸ்கேன் எடுக்க ஒரு நாள் விடுப்பு கேட்க முடியாதவள் யார்? தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில், 2015-16இல், ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் பட்டியல் சாதியினரில் ஆயிரத்துக்கு 45. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரில் 32. இந்த வேறுபாட்டை எந்தக் கடவுளும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை எவ்வளவோ மேல் என்பதை மறைக்கத் தேவையில்லை. 2020இல் இந்தியாவின் சிசு மரண விகிதம் 28 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 13. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் கட்டி எழுப்பியது அது. என் மகளும் அந்த 13இல் சேராமல் தப்பியவள்தான். ஆனால் சராசரி என்பது ஊரையும் சேரியையும் கூட்டி வகுத்த எண். ஒவ்வொரு மாவட்டத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள், யார் கையெழுத்துப் போட்டுப் பாதியில் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள் என்று சாதிவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெருமையைப் பேசுவோம்.

பாதியில் ஏன் போகிறார்கள்? 2011இல் வந்த தாய்-சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவமான தாய்க்கு இலவச உணவு சுகப்பிரசவமானால் மூன்று நாள்வரை, ஆபரேஷன் ஆனால் ஏழு நாள்வரை. குழந்தை நாற்பது நாள் உள்ளே இருந்தால்? எட்டாம் நாள் முதல் தாய் யாருடைய தட்டில் சாப்பிடுவாள்? அதிகமாக வந்த சாப்பாட்டை ஒதுக்கிவைத்துக் கொடுக்கும் நல்ல மனசுக்காரர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். ஆனால் பசியோடு இருப்பவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்பதற்கு நல்ல மனசை நம்பியா இருப்பது? மகளிருக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்கிறோம். அது நகரப் பேருந்துக்கு. வெளியூர்ப் பேருந்தில் தினமும் சோறு கட்டிக்கொண்டு வரும் கணவன் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். மாநில அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அது அவர்கள் உரிமை, நல்லது. கூலிப் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய், அதுவும் தவணையாக.

இனி பால் விஷயம். தாய்ப்பால் வங்கியில் சுரப்பு அதிகமுள்ள தாய்மார்கள் பால் கொடுப்போம். அதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பரிசோதித்து, பால் ஊறாத தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு பாட்டி செவிலியரிடம் கேட்டார்: "யாரு பாலு இது? எந்த ஆளுங்களோடது?" பேரன் உள்ளே ஒரு கிலோ எடையில் கிடக்கிறான். செவிலியர், "இது ஆஸ்பத்திரி பால், பாட்டிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொடுத்துவிட்டார். அந்த வாரம் வங்கியில் இருந்த பாலில் என் பாலும் உண்டு. அந்தப் பையன் தேறி வீட்டுக்குப் போனான்.

செவிலியர் மழுப்பியதை நான் குறை சொல்லமாட்டேன். அன்று முக்கியம் குழந்தை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் அந்த வராண்டாவில் நேராகப் பதில் சொன்னதில்லை. சாதி கேட்பவரிடம் மழுப்புகிறோம், சாதி கேட்கப்பட்டவளிடம் பொறுத்துப்போகச் சொல்கிறோம். சேவை செய்ய வருபவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "இங்கே வந்து அரசியல் பேசாதீங்க" என்பார்கள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டது மட்டும் அரசியல் இல்லையாம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். போக ஆரம்பித்த முதல் வருடம், ஒரு நண்பர் குழந்தைத் துணிகள் வாங்கிக் கொடுத்தார். கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும் என்று ஒரு தாயின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டேன். அது சுற்றிச் சுற்றி அவள் ஊருக்கே போய்விட்டது. அவள் வேலை செய்யும் நிலத்துக்காரர் வீட்டில், "ஆஸ்பத்திரியில பிச்சை வாங்குனியாமே" என்று சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அவள் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "அக்கா, துண்டு நல்லா மெத்துனு இருந்துச்சு. அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துரு" என்றாள். என்னால் எடுக்க முடியவில்லை. அது யார் யார் போனிலோ இருந்தது. அந்தச் சாதிச் சங்கத்துக்காரரின் கையில் இருந்த அதே வியாதி என் கையிலும் இருந்தது. அன்றிலிருந்து அங்கே போனை வெளியே எடுப்பதில்லை.

இயக்கத் தோழர்கள் சிலர் மறுபக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: "அரசு செய்ய வேண்டியதை நீங்கள் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளும். போராட்டத்துக்கு வாங்க, அங்கே போய்ப் பால் பீய்ச்சச் சொல்லிக்கொடுப்பது என்ன அரசியல்?" இந்தக் கேள்வியில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குப் பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1863இல் புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாய் பூலேவும் கர்ப்பமான விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெறத் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள். வந்தவர்கள் பார்ப்பன விதவைகள். பிறந்த குழந்தைகள் கொல்லப்படாமல் காப்பாற்றப்பட்டன. அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத்தான் அவர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். பச்சைக் குழந்தையின் உயிரைக் காப்பது சாதி எதிர்ப்பு வேலை இல்லை என்று அவர்களிடம் யாராவது சொல்ல முடியுமா?

அம்பேத்கர், ரமாபாய் இணையருக்கு ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். இரண்டே ஆண்டுகளில், 1928இல், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். தன் துக்கத்துக்கு அவர் இரக்கம் கேட்கவில்லை, சட்டம் கேட்டார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாதை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கை வராண்டாவில் இருக்கட்டும், இன்னொரு கை கோரிக்கை மனுவில் இருக்கட்டும்.

ஏன் இரண்டும் வேண்டும்? குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெட்டுப்போகும் அபாயம் உண்டு. பிறந்து முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் உடனே சிகிச்சை கொடுத்தால் பார்வை பிழைக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் புதன்கிழமை பெரிய ஊரில் பரிசோதனை. கூட வருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்தப் புதன்கிழமை வேலையில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகப் போகத் தெரியாமல் அவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த வாரமே சூளைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது ஒரு கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். அந்தக் குழந்தையின் பெயர் எங்கள் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

தன்னார்வத்தில் "என்னால வர முடியல" என்று சொல்லலாம். அது தவறும் இல்லை. அதனால்தான் ஒரு குழந்தையின் கண் என் ஒரு நாள் விடுப்பை நம்பி இருக்கக் கூடாது. அது சம்பளம் வாங்குகிற, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் இவை. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் வேண்டும். குழந்தை உள்ளே இருக்கும் கடைசி நாள்வரை தாய்க்கும் துணைக்கு இருப்பவருக்கும் உணவு வேண்டும், கூலி இழப்புக்கு ஈடு வேண்டும். தந்தைக்கும் பாட்டிக்கும் முறைவைத்து அனுமதி வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் குடும்பத்தோடு பேச, வீட்டுக்குப் போன பின்னும் தொடர்ந்து விசாரிக்க, பரிசோதனைக்குக் கூட்டிப் போக, நிரந்தரப் பணியாளர்கள் வேண்டும். ஒப்பந்தக் கூலியாக வேண்டாம், இடஒதுக்கீட்டோடு நியமியுங்கள். அந்த வராண்டாவில் உட்கார்ந்து எழுந்த பெண்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்துவோர் மீது புகார் கொடுக்க அதே வராண்டாவில் வழி செய்யுங்கள்.

இது நடக்கும்வரை, இதைப் படிக்கும் தோழர்களே, உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு நீங்கள் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் அந்த வராண்டா பேனர் பிடிப்பவர்களுக்குத்தான். வரும்போது போனைப் பையில் போடுங்கள். பால் பவுடரும் பாட்டிலும் எடுத்து வராதீர்கள். உங்கள் தலைவர் படத்தை, எங்கள் தலைவர் படமே ஆனாலும், எடுத்து வராதீர்கள். மாதம் ஒருநாள் கும்பலாக வருவதைவிட வாரம் ஒருநாள் ஒருவராக வாருங்கள். சொன்ன நாளில் வாருங்கள். வர முடியாவிட்டால் உங்களுக்குப் பதில் யார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு தாயிடம் என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், ஊரைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா? பாப்பா எடை இன்னைக்கு எவ்ளோ?" என்று கேளுங்கள். இருபது கிராம் கூடியிருந்தால் அவளே உங்களிடம் மீதியைச் சொல்வாள்.